பற்று நோட்டின் பின்பக்கம்

பிப்ரவரி 24, 2025

கடையின் பற்று நோட்டில் பின்பக்கமிருந்து எழுதுகிறேன். முன்பக்கம் யார் யார் எவ்வளவு தரவேண்டும் என்று அக்கா எழுதி வைத்திருக்கிறாள், பாதி கன்னடம், பாதி தமிழ்.

மாமா படியில் வழுக்கிக் காலை ஒடித்துக்கொண்டார். மாவுக்கட்டு. "சிவராத்திரிக்கு ரெண்டே நாள்தான் இருக்குது, நீ சும்மாதானே இருக்கறே, கடைக்கு வாடா" என்றாள் அக்கா. அந்தச் 'சும்மா' மேட்டூரிலிருந்து கொளத்தூர், பாலாறு தாண்டி மாதேஸ்வரன் மலை ஏறும் வரை உறுத்திக்கொண்டே வந்தது. முப்பத்திரண்டு வருஷம் ஆலையில் ஸ்டோர் கீப்பர். ஒரு போல்ட் குறைந்தாலும் பேரேட்டில் கண்டுபிடித்துவிடுவேன்.

அக்கா இன்னமும் இந்த மலையை மைசூர் ஜில்லா என்றுதான் சொல்கிறாள். சாமராஜநகர் பிரிந்தது 1997-ல்.

பிப்ரவரி 26

சிவராத்திரி. விடிய விடிய 'உகே உகே மாதப்பா'. கற்பூரம் தீர்ந்துபோய் இரண்டு முறை சரக்கு எடுத்தோம். பங்குச் சந்தைக்கும் விடுமுறை. செல்போனைத் தொடவில்லை.

பிப்ரவரி 28

இன்று எழுதாவிட்டால் தூக்கம் வராது.

சென்செக்ஸ் 1,414 புள்ளி இறங்கி 73,198. நிஃப்டி தொடர்ந்து ஐந்தாவது மாதம் இறக்கம், 1996-க்குப் பிறகு இப்படி நடந்ததில்லை என்கிறார்கள். இதே நாளில்தான் வருங்கால வைப்பு நிதிக்கு இந்த வருஷமும் 8.25 சதவீதம் வட்டி என்று அறிவித்திருக்கிறார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது வாயில் டீ இருந்தது. விழுங்க முடியவில்லை.

கணக்கை ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன். போன ஆகஸ்டில் 58 முடிந்து வெளியே வந்தேன். பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் சேர்ந்து 26 லட்சம், செப்டம்பர் இரண்டாம் வாரம் கணக்கில் ஏறியது. பெண் கல்யாணக் கடனுக்கு 4 லட்சம். வங்கியில் ஒரு வருஷ டெபாசிட் 10 லட்சம். மீதி 12 லட்சத்தைத் தபாலாபீசில் போடுவதாக வீட்டில் சொல்லியிருந்தேன். சொன்னேன் என்பதை அடிக்கோடிட வேண்டும்.

போட்டது வேறு இடத்தில். பாஸ்புக் பதியப் போன இடத்தில் ஒரு பையன், என் மருமகன் வயசு, நாற்காலி இழுத்துப் போட்டான், காபி வரவழைத்தான். சிறு நிறுவனப் பங்குகளில் போடும் ஒரு ஃபண்டின் மூன்று வருஷப் படத்தைக் காட்டினான். கோடு மலைப்பாதை மாதிரி ஏறிக்கொண்டே போனது. "இன்னும் முப்பது வருஷம் வாழப்போறீங்க சார், விலைவாசியை வட்டி ஜெயிக்காது" என்றான். அதில் பொய் இல்லை. அதனால்தான் ஏமாந்தேன். செப்டம்பர் 27-ஆம் தேதி கையெழுத்துப் போட்டேன். அன்றைக்குத்தான் சென்செக்ஸ் 85,978-ஐத் தொட்டது. உச்சியில் கொடி நட்ட ஆள் நான்.

12 லட்சம் இன்று 9 லட்சத்துச் சொச்சம்.

மார்ச் 3

வியாபாரம் மந்தம். தபாலாபீசில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் 8.2 சதவீதம். 12 லட்சத்துக்கு மாதம் 8,200 ரூபாய் ஆகிறது. அறுபது ஆகாதவர்கள் ஓய்வுப் பணம் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் போட்டால் சேர்த்துக்கொள்வார்கள். எனக்கு அந்தக் கெடு டிசம்பரோடு போயிற்று. இனி 2026 ஆகஸ்டில்தான்.

8,200, 8,200 என்று நாள் முழுக்க மனசுக்குள் ஓடியது. தேங்காய் வாங்க வந்தவரிடம் மீதிச் சில்லறை தப்பாகக் கொடுத்துவிட்டேன். என் பென்ஷன் மாதம் நாலாயிரத்துச் சொச்சம். எவ்வளவு சம்பளம் வாங்கியிருந்தாலும் 15,000-க்கு மேல் கணக்கில் எடுக்கமாட்டார்கள். அதை வருஷத்தால் பெருக்கி எழுபதால் வகுப்பார்கள், 2014-க்கு முந்திய வருஷங்களுக்கு 6,500 தான்.

மார்ச் 4

ஒன்றுமில்லை.

மார்ச் 17

மாதா மாதம் இங்கே உண்டியல் எண்ணுவார்கள். சாதாரணமாக இரண்டு கோடிக்கு மேல் வரும், தங்கம் வெள்ளி தனி. எதிரே வளையல் கடைக்காரர் அதைச் சொல்லிப் பெருமைப்பட்டார், அவரே சம்பாதித்த மாதிரி.

உண்டியலில் போட்டவன் மறுநாள் காலையில் அது என்ன மதிப்பு என்று பார்ப்பதில்லை. நான் தினம் ராத்திரி ஒன்பது மணிக்குமேல் யூனிட் மதிப்பைப் பார்த்துப் பெருக்குகிறேன். அக்காவிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். "அது வேண்டுதல்டா, முதல் போட்டதில்லை" என்றாள். அந்தப் படத்தில் கோடு ஏறுவதைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டது மட்டும் என்னவாம்.

மார்ச் 30

யுகாதி. கூட்டம். மாமா கட்டோடு திண்ணையில் உட்கார்ந்து விலை சொன்னார். இந்த மாதம் சந்தை கொஞ்சம் நிமிர்ந்திருக்கிறது, என் கணக்கு 9.8 லட்சம். வீட்டுக்காரி போனில், "தபாலாபீசு வட்டி வந்துச்சாங்க?" என்றாள். "சிக்னல் சரியில்லை" என்று வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

ஏப்ரல் 7

டிரம்ப் வரி போட்டார். உலகமெங்கும் சந்தை சரிந்தது. சென்செக்ஸ் 2,227 புள்ளி. காலையில் திறந்தவுடன் இதைவிட மோசம்.

வாஷிங்டனில் ஒருவர் அட்டையைத் தூக்கிக் காட்டினால் மாதேஸ்வரன் மலையில் விபூதி பொட்டலம் மடிக்கிறவனுக்குக் கை நடுங்குகிறது. போதும். விற்றுவிடுவது என்று தீர்மானம். போனிலேயே விற்கலாம். ஆனால் அந்தப் பையன் படிவத்தில் வீட்டு நம்பரை எழுதியிருக்கிறான். வீட்டு நம்பர் என்றால் வீட்டுக்காரி செல்போன். ஓ.டி.பி. அவளுக்குப் போகும். "எதுக்குங்க இந்த நம்பர்?" என்று கேட்பாள்.

அந்த ஆறு எண்ணைக் கேட்க எனக்குத் தைரியமில்லை. நேரில் போய் எழுதிக்கொடுக்க வேண்டும்.

ஏப்ரல் 10

அதிகாலை பஸ். பக்கத்தில் ஒரு பெரியவர், துண்டில் பட்டி வாசம். மலைக்காட்டில் மாட்டுப்பட்டி வைத்திருந்தவராம். என் தாத்தாவும் கொளத்தூர்ப் பக்கமிருந்து ஆலாம்பாடி மாடுகளை இந்தக் காட்டுப் பட்டிக்கு ஓட்டிவிட்டவர்தான். அந்தக் காலத்தில் அதுதான் சேமிப்பு. மேய்க்கிறவனுக்குக் கூலி, எரு விற்றால் வரும்படி, கன்று போட்டால் முதல் கூடும். புலி அடித்தால், கோமாரி வந்தால் போச்சு. பர்கூர் மாடும் அப்படித்தான், ஆடியில் அந்தியூர் குருநாதசாமி சந்தையில்தான் கையில் காசு பார்ப்பார்கள்.

இதையெல்லாம் சொன்னதும் பெரியவர் குஷியானார். 2016-ல் மழை பொய்த்ததே, அப்போது முப்பத்திச் சொச்சம் உருப்படி வைத்திருந்தாராம். தீவனம் கிடையாது. "எல்லாரும் வித்தாங்க, நானும் வித்தேன்" என்றார். என்ன விலைக்கு என்று கேட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பாலாறு தாண்டி, "அடுத்த வருசம் மழை பேஞ்சுது. அந்த வெலைக்கு ஒரு கெடேரி வாங்க முடியல" என்றார். பிறகு கொளத்தூர் வரை கண்டக்டரிடம் இரண்டு ரூபாய் பாக்கிக்குச் சண்டை. கடைசியில் வாங்கியும்விட்டார்.

மேட்டூரில் வங்கி ஷட்டர் இறங்கிக் கிடந்தது. மகாவீர் ஜெயந்தி. சந்தைக்கும் விடுமுறை. ஸ்டோரில் இருந்தவரை விடுமுறைப் பட்டியல் எனக்கு மனப்பாடம். எட்டு மாதத்தில் எல்லாம் மறந்துவிட்டது. வீட்டுப்பக்கம் போகாமல் மதியப் பஸ்ஸிலேயே மலை ஏறிவிட்டேன்.

ஏப்ரல் 11

முந்தாநாள் ராத்திரியே செய்தி வந்திருக்கிறது: அமெரிக்கா 90 நாளைக்கு வரியை நிறுத்தி வைத்திருக்கிறது. சென்செக்ஸ் 1,310 ஏற்றம். நேற்று ஷட்டர் திறந்திருந்தால் நான் கொடுத்திருப்பேன்.

மாமாவிடம் "நான் பொறுமையாக இருந்தேன்" என்று சொல்லிக்கொண்டேன். சொன்னபிறகு கொஞ்சம் வெட்கமாக இருந்தது, கொஞ்சம்தான்.

ரிசர்வ் வங்கி நேற்றைக்கு முன்தினம் ரெப்போ வட்டியை 6 சதவீதமாகக் குறைத்திருக்கிறது. அடுத்து டெபாசிட் வட்டி இறங்கும். என் 10 லட்சம் செப்டம்பரில் முதிர்கிறது. பத்திரமான இடம் என்று நினைத்ததும் நகர்கிறது.

ஏப்ரல் 24

சித்தராமையா மந்திரிசபைக் கூட்டம் மலைமேலேயே. ரோடெல்லாம் பளபள. கடையை ஒதுக்கி வைக்கச் சொன்னார்கள். காஷ்மீரின் பஹல்காம் தாக்குதல் சாவுச் செய்தியில் எல்லார் முகமும் இறுகியிருந்தது. இன்று மதிப்புப் பார்க்கவில்லை.

மே 12

ஒரே நாளில் சென்செக்ஸ் 2,975 புள்ளி ஏற்றம். பாகிஸ்தானோடு சண்டை நின்றதற்கு. கணக்கு 10.2 லட்சம். மத்தியானம் எல்லாருக்கும் என் காசில் மைசூர்பாகு. "எதுக்குடா?" என்றாள் அக்கா. "சும்மா" என்றேன்.

ஜூன் 6

ரெப்போ 5.5. ஒரேயடியாக அரை சதவீதம் வெட்டு. மழைக்காலம், கடையில் ஈ ஓட்டுகிறேன்.

ஜூன் 25

அமாவாசை. வீட்டுக்காரி வந்திருக்கிறாள். மாமா கோலை விட்டு நடக்கிறார், இனி நான் கிளம்பலாம்.

கோயில் முன்னால் புலிவாகனப் படத்தட்டியோடு தன்னை நிறுத்திப் படம் எடுக்கச் சொன்னாள். அவள் செல்போன்தான். படம் எடுத்துவிட்டுத் திருப்பித் தரும்போது விரல் பட்டு மெசேஜ் பக்கம் திறந்துகொண்டது. ஃபண்டிலிருந்து வந்தவை வரிசையாக இருந்தன. வாங்கிய அன்று வந்தது, அப்புறம் மாதா மாதம். இங்கிலீஷ் மெசேஜை அவள் பார்ப்பதேயில்லை என்றுதான் நம்பியிருந்தேன். படிக்காத மெசேஜ் என்றால் எழுத்து தடிப்பாக இருக்கும். ஒன்றுகூடத் தடிப்பாக இல்லை.

"படம் விழுந்துச்சாங்க?" என்றாள். விழுந்தது என்றேன்.

உண்டியலில் மஞ்சள் துணி முடிச்சு ஒன்று போட்டாள். என்ன வேண்டுதல் என்று கேட்கவில்லை.

ஜூன் 27

ஹூக்கியம் வனச்சரகத்தில் தாய்ப்புலியும் நாலு குட்டிகளும் செத்துக் கிடந்தன, நேற்றுப் பார்த்திருக்கிறார்கள். செத்த மாட்டின் உடம்பில் விஷம். மாட்டைப் புலி அடித்திருக்கிறது, அந்த ஆத்திரத்தில் வைத்தது என்கிறார்கள். மலை முழுக்க இதே பேச்சு. மாதப்பா ஏறி வந்த வாகனமல்லவா, அக்கா அழுதுவிட்டாள்.

மாமா மட்டும், "மாடு என்ன விலை இருக்கும்?" என்றார். யாரும் பதில் சொல்லவில்லை. அவர் கேட்டதில் தப்பு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஒரு மாடு போன கோபத்தில் ஐந்து புலி. அந்த ஆள் அன்றைக்குக் காட்டுக்குள் நடந்து போனதையே நினைத்துக்கொண்டிருந்தேன். என் கணக்கு 11.6. இன்றைக்கு அதைப் பார்த்ததும் சந்தோஷம் வரவில்லை.

ஜூன் 29

ஞாயிறு. பற்று நோட்டில் இந்தப் பக்கங்களைக் கிழித்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். "பின்னாடிதானே, எடுத்துக்கோ" என்றாள் அக்கா. பொரி, விபூதி, ஒரு பாட்டில் மலைத்தேன்.

பாலாறு செக்போஸ்டில் பஸ்ஸை நிறுத்திப் பைகளைத் துழாவினார்கள். புலி விவகாரம். தேன் பாட்டிலை முகர்ந்து பார்த்தார்கள். எல்லாம் முடிந்து பஸ் நகர்ந்ததும் அவள் தோளில் சாய்ந்துகொண்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

"நாளைக்குத் தபாலாபீசு திறந்திருக்குமாங்க?"

திறந்திருக்கும் என்றேன். மேற்கொண்டு அவள் ஒன்றும் கேட்கவில்லை. கொளத்தூர் வந்ததும் எழுந்து தேன் பாட்டிலை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.