மைசூரு: முதலில் பட்டியல், பிறகு ரயில்

1980களில் விப்ரோ நிறுவனம் மைசூருவில் கம்ப்யூட்டர்களைத் தயாரித்தபோது, எந்தப் பாகம் எதனுடன் சேரும் என்ற கவலை என்ஜினீயர்களுடையது. இன்று அது, வீட்டு மேசையில் முதல் கேமிங் கம்ப்யூட்டரைப் பூட்டத் துணியும் கல்லூரி மாணவனின் கவலை.

உள்ளூரில் அகப்படாத பாகத்துக்கு அவன் நம்புவது பெங்களூருவின் எஸ்.பி. ரோடை. ரயிலில் 138 கி.மீ. பொருந்தாத பாகத்துடன் வீடு திரும்பினால் இன்னொரு நாள் வீண். பிரித்த பெட்டியைக் கடைக்காரர் திரும்ப எடுப்பாரா என்பதும் சந்தேகமே.

எனவே பட்டியல் மைசூருவிலேயே முடிவாக வேண்டும். முதலில் பிராசஸர், அதன் சாக்கெட்தான் மதர்போர்டைத் தீர்மானிக்கிறது. ஏ.எம்.டி.யின் ஏஎம்4 போர்டுக்கு டிடிஆர்4 ரேம். 2022இல் வந்த ஏஎம்5க்கு டிடிஆர்5 மட்டுமே. இரண்டிலும் 288 பின்கள்தான். ஆனால் நடுவிலுள்ள வெட்டு இடம் மாறியிருப்பதால் ஒன்றின் இடத்தில் மற்றது ஏறாது. அடுத்தது கிராபிக்ஸ் கார்டு. அதன் நீளம் கேபினட்டுக்குள் அடங்க வேண்டும்; அதன் பசிக்கு எஸ்.எம்.பி.எஸ். ஈடுகொடுக்க வேண்டும். ஆர்டிஎக்ஸ் 4060க்கு என்விடியா சொல்லும் அளவு 550 வாட்.

பட்ஜெட் இடிக்கும்போது பலர் கைவைப்பது இந்த எஸ்.எம்.பி.எஸ்.ஸில்தான். விளையாட்டின் வேகத்தை அது கூட்டாது என்பது உண்மை. ஆனால் மட்டமான ஒன்று பழுதானால் விலை உயர்ந்த மற்ற பாகங்களையும் சேர்த்துக் கெடுத்துவிடலாம். ஞாயிறு மாலைகளில் சுமார் 1 லட்சம் பல்புகளில் அரண்மனை ஜொலிக்கும் ஊரில், மின்சாரத்தின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.