சுடச்சுட

இருபத்திரண்டு பேருக்குக் காலைப் பலகாரம். ஆனால் சமைக்கிறவள் காலையில் அடுப்பண்டை நிற்கப் போவதில்லை. எட்டரை மணிக்கு எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அவளும் அவர்களோடு உட்காருவாள். இப்படி ஒரு திட்டத்தை என் மகள் சொன்னபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. எத்தனை கல்யாண வீடு பார்த்தவன் நான்! எத்தனை பந்திகளைக் கதையில் வர்ணித்தவன்! கூட்டத்துக்குச் சமைப்பது என்றால் என்னவென்று எனக்கா தெரியாது?

இது நடந்தது 2019-ஆம் வருஷம் நவம்பர் மாதம், அமெரிக்காவில், நியூ ஜெர்ஸி மாகாணத்து எடிசன் என்ற ஊரில். மகள் வீட்டில் மூன்று மாதம் தங்கலாம் என்று போயிருந்தேன். நவம்பர் மாதத்து நான்காவது வியாழக்கிழமை அந்த நாட்டாருக்குத் தாங்க்ஸ்கிவிங் என்ற பண்டிகை. நம் பொங்கலைப் போல விளைச்சலுக்கு நன்றி சொல்லும் நாளாகத் தொடங்கியது. எந்த வியாழன் என்பதில் ஒரு சமயம் தகராறே வந்து, 1941-இல் சட்டம் போட்டு நான்காவது வியாழன் என்று முடிவு கட்டினார்கள். வருஷம் பூராவும் திசைக்கு ஒருவராகக் கிடக்கிறவர்கள் அன்றைக்கு ஒரே கூரையின்கீழ் சேர்ந்தாக வேண்டும். எங்கள் மாப்பிள்ளையின் சகோதரர் குடும்பங்களும் சிநேகிதர்களும் பாஸ்டனிலிருந்தும் ஃபிலடெல்ஃபியாவிலிருந்தும் புதன்கிழமை ராத்திரியே வந்து சேர்வதாக ஏற்பாடு. பெரிய விருந்து வியாழன் பிற்பகலில். அதற்கு முன்னால் காலையில் இத்தனை வயிற்றுக்கும் வழி பண்ண வேண்டுமே!

"தோசை வார்த்துப் போட்டால் போகிறது" என்றேன்.

மகள் நிமிர்ந்து பார்த்தாள். "யாருப்பா வார்க்கிறது?" என்றாள்.

இரண்டே வார்த்தைதான். கோபம் இல்லை, பரிகாசமும் இல்லை. அடுத்த நாள் கணக்கைத் தீர்த்துக்கொள்ளக் கேட்டது போலத்தான் இருந்தது. எனக்குப் பதில் வரவில்லை.

அவள் தீர்மானித்திருந்த பலகாரம் ஃப்ரெஞ்ச் டோஸ்ட். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். நம் ஊர் ஹோட்டல்களில் 'பாம்பே டோஸ்ட்' என்று போடுகிறார்களே, அதேதான். ரொட்டித் துண்டை முட்டையும் பாலும் சர்க்கரையும் கலந்த கரைசலில் தோய்த்துக் கல்லில் போட்டுத் திருப்பி எடுப்பது. பிரெஞ்சுக்காரர்கள் இதைப் 'பிரெஞ்சு' என்று சொல்வதில்லை. 'தொலைந்துபோன ரொட்டி' என்று சொல்கிறார்கள். வீணாய்ப் போக இருந்த பழைய ரொட்டியை மீட்டெடுக்கிற வித்தை என்பதால் அந்தப் பெயர். ஜெர்மானியர் இதை 'ஏழை வீரர்கள்' என்கிறார்கள். ரோமானியர் காலத்துச் சமையல் நூல் ஒன்று, அபிசியஸ் என்ற பெயரால் வழங்குவது, ரொட்டியைப் பாலில் நனைத்துப் பொரித்துத் தேன் ஊற்றச் சொல்கிறது. பழைய சோற்றுக்குத் தண்ணீர் விட்டு வைத்த நம் பாட்டிமாருக்கு இந்த யோசனை புதிதாகப் பட்டிருக்காது.

ஆனால் கல்லில் போட்டு எடுத்தால் இதுவும் தோசை மாதிரிதான். ஒவ்வொன்றாகத்தான் வரும். இருபத்திரண்டு பேருக்கு ஆளுக்கு இரண்டு என்றால் நாற்பத்து நாலு. ஒருத்தி நின்றுகொண்டே இருக்க வேண்டும். அமெரிக்கப் பெண்கள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். ரொட்டியைத் துண்டு போட்டுத் தட்டில் அடுக்கி, கரைசலை மேலே ஊற்றி, ராத்திரி முழுவதும் குளிர்ப்பெட்டியில் ஊறவிட்டு, காலையில் தட்டோடு அவனில் தள்ளிவிடுவது. மகளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவர் அடுத்த வீட்டு அம்மாள். எழுபது வயதைத் தாண்டியவர். தம் சர்ச்சில் காலை விருந்து என்றால் ஐம்பது பேருக்குக்கூட இப்படிச் செய்து பழகினவர்.

புதன் ராத்திரி ஒன்பது மணிக்கு வேலை ஆரம்பமாயிற்று. நான் உதவிக்கு. உதவி என்றால் என்ன, மகள் சொன்னதைச் செய்வதுதான். ரொட்டியை முதல் நாளே வாங்கி, துண்டு போட்டுக் காற்றாட வைத்திருந்தாள். புது ரொட்டி இதற்கு உதவாது. கரைசல் பட்டதும் குழைந்து கூழாகிவிடும். ஒரு நாள் பழசானால் அதன் மாவுச்சத்து இறுகிவிடுகிறது. அப்புறம் எவ்வளவு நனைந்தாலும் உரு குலையாமல் நிற்கும்.

பதின்மூன்று அங்குல நீளம், ஒன்பது அங்குல அகலத்தில் கண்ணாடித் தட்டுகள் மூன்று. ஒரு தட்டுக்கு ஒரு பவுண்டு ரொட்டி, அதாவது ஏறக்குறைய 450 கிராம். எட்டு முட்டை, இரண்டரைக் கோப்பைப் பால், அரைக் கோப்பைச் சர்க்கரை, வனில்லா ஒரு தேக்கரண்டி, பட்டைப் பொடி கொஞ்சம், உப்பு ஒரு சிட்டிகை. தட்டில் வெண்ணெய் தடவி, ரொட்டியைப் பரப்பி, கரைசலை மெதுவாக எல்லா இடத்திலும் படும்படி ஊற்ற வேண்டும். மேலே நிற்கும் துண்டுகளைக் கையால் ஒரு தடவை அமுக்கிவிட வேண்டும். அந்த அமுக்குகிற உத்தியோகம் எனக்குக் கிடைத்தது.

மூன்றாவது தட்டு சம்பந்தியம்மாளுக்காக. அவர் முட்டை தொடமாட்டார். "எனக்கு ரெண்டு இட்லி இருந்தால் போதும்மா, நானே பண்ணிக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டு அடுக்களை வாசலிலேயே நின்றார். "நீங்க தனியா சாப்பிட வேண்டாம், அத்தை" என்று மகள் கஸ்டர்டு பவுடர் டப்பாவை எடுத்தாள். இந்தப் பவுடருக்கு ஒரு கதை உண்டு. 1837-இல் இங்கிலாந்தில் ஆல்ஃபிரட் பேர்டு என்ற ரசாயனக்காரர் இதைக் கண்டுபிடித்தார். அவர் மனைவிக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது; அவளும் கஸ்டர்டு சாப்பிட வேண்டும் என்பதற்காகச் சோளமாவை வைத்து முட்டையில்லாமல் ஒன்று செய்தார். ஒருத்தி பந்தியை விட்டு விலகி இருக்கக் கூடாதென்று ஒரு புருஷன் மெனக்கெட்டிருக்கிறான்! மகள் அந்தப் பவுடரைப் பாலில் கரைத்து, அடுப்பில் வைத்து லேசாகக் கெட்டியாக்கி, ஆறவிட்டு ஊற்றினாள். பச்சையாக ஊற்றினால் மாவு அடியில் தங்கிவிடும்.

பதினொரு மணிக்கு மூன்று தட்டுகளும் மூடியோடு குளிர்ப்பெட்டிக்குள் போயின. விருந்தாளிகள் தூங்கப் போய்விட்டார்கள். மகள் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் கேட்டேன்: "காலையிலே நீ தோசை வார்த்திருந்தால் நான் கூட நின்றிருப்பேனே?"

"அம்மா கூட நின்னீங்களாப்பா?" என்றாள்.

கும்பகோணத்தில் எங்கள் வீட்டுத் தீபாவளி நினைவுக்கு வந்தது. எப்படியும் இருபது பேர் இருப்போம். இட்லி ஒரு சுற்று ஆனதும் தோசை. என் மனைவி கல்லண்டை நிற்பாள். "இன்னும் ஒண்ணு, முறுகலா!" என்று கூடத்திலிருந்து குரல் போகும். முதல் குரல் என்னுடையது. தோசை கல்லிலிருந்து இலைக்கு வருவதற்குள் ஆறிவிட்டால் அது தோசையே அல்ல என்று ஒரு பத்திரிகையில் நான் கட்டுரைகூட எழுதியிருக்கிறேன். வாசகர்கள் பாராட்டிக் கடிதம் போட்டார்கள். அவளும் படித்தாள். படித்துவிட்டு, "நல்லா இருக்கு. கடைசித் தோசையைப் பத்தி ஒண்ணும் எழுதலையே?" என்றாள். நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள்.

கடைசித் தோசை அவளுடையது. பதினொன்றரை மணிக்கு, சட்டினி தீர்ந்த பிறகு, பாத்திரத்தை வழித்து ஊற்றிய தடிமனான ஒன்று. அடுக்களைத் தரையில் உட்கார்ந்து மிளகாய்ப்பொடியோடு சாப்பிடுவாள். நான் அதற்குள் வெற்றிலை போட்டு முடித்திருப்பேன். அவள் போய் அப்போது மூன்று வருஷம் ஆகியிருந்தது.

படுத்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. முந்தின நாளே தயார் பண்ணி வைப்பது என்ற தந்திரம் நமக்கு ஒன்றும் புதிதில்லையே என்று யோசித்தேன். இட்லிமாவு என்ன செய்கிறது? நாம் தூங்கும்போது அது தன்பாட்டில் பொங்கிப் புளித்து வேலை செய்கிறது. அவள் நினைத்திருந்தால் எல்லா இட்லியையும் வேகவைத்து எடுத்து அடுக்கிவிட்டு எங்களோடு உட்கார்ந்திருக்கலாம். உட்கார முடியாமல் செய்தது தோசைக்கல் அல்ல. சுடச்சுட வேண்டும் என்ற எங்கள் அதிகாரம். அதற்கு நான் ருசி என்று பெயர் வைத்து எழுதியும் விட்டேன். என் நாவல்களில் வரும் தாய்மார்கள் எல்லாரும் கடைசியில்தான் சாப்பிடுகிறார்கள். அதைத் தியாகம் என்று மெச்சியிருக்கிறேனே தவிர, ஒரு தடவையாவது அவர்களை முதல் பந்தியில் உட்கார்த்தி வைத்தேனா?

காலை ஏழு மணிக்கு மகள் எழுந்து தட்டுகளை எடுத்து வெளியே வைத்தாள். குளிர்ந்த கண்ணாடியை நேரே சூட்டில் வைத்தால் விரிசல் விட்டுவிடும் என்று அடுத்த வீட்டு அம்மாள் எச்சரித்திருந்தார். அரைமணி கழித்து மேலே உருக்கின வெண்ணெயும் பழுப்புச் சர்க்கரையும் தூவி, 350 டிகிரி ஃபாரன்ஹீட்டில் அவனுக்குள் வைத்தாள். முதல் முப்பது நிமிஷம் மூடி போட்டு, அப்புறம் இருபது நிமிஷம் மூடி இல்லாமல். அவ்வளவுதான். அவள் குளித்துவிட்டு வந்து, தலை வாரிக்கொண்டு, கூடத்தில் ஓரகத்தியோடு பேசிக்கொண்டிருந்தாள். பட்டையும் வெண்ணெயும் கலந்த வாசனை மாடிவரை போய்க் குழந்தைகளை எழுப்பிற்று.

எட்டு இருபதுக்குக் கதவைத் திறந்தபோது ரொட்டி உப்பி, தட்டின் விளிம்புக்கு மேல் பொன்னிறமாக எழுந்திருந்தது. நடுவில் கத்தியைச் செருகி எடுத்தாள், ஈரம் ஒட்டவில்லை. வெப்பமானியையும் குத்திப் பார்த்தாள். முட்டை சேர்ந்த பண்டம் உள்ளே 160 டிகிரியாவது சூடேற வேண்டும் என்பது அந்த நாட்டு விவசாய இலாகாவின் விதி. அப்புறம் பத்து நிமிஷம் சும்மா வைக்க வேண்டும். உடனே வெட்டினால் சரிந்துவிடும். அந்தப் பத்து நிமிஷத்தில் உப்பல் மெல்லத் தணிந்தது. மாப்பிள்ளை காபி கலந்தார். நான் தட்டு வைத்தேன். எழுபது வயதுக்கு மேல் என் கையால் பந்திக்குத் தட்டு வைத்தது அதுதான் முதல் தடவை என்பதை வெட்கத்தோடு சொல்லிவிடுகிறேன்.

எட்டரைக்கு எல்லாரும் உட்கார்ந்தார்கள். மேஜையில் இடம் போதாமல் குழந்தைகள் தரையில் உட்கார்ந்து, நியூயார்க் ஊர்வலத்துக்காகத் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேப்பிள் பாகு கைமாறிக்கொண்டே போயிற்று. நாற்பது லிட்டர் மரச்சாற்றைக் காய்ச்சினால் ஒரு லிட்டர்தான் தேறுமாம். பிள்ளைகள் ஊற்றிய வேகத்தில் ஒரு தோப்பே காலியாகியிருக்கும். சம்பந்தியம்மாள் தம் தட்டிலிருந்து ஒரு வாய் போட்டுக்கொண்டு, "பால்கோவா மாதிரி இருக்கே!" என்று இன்னொரு துண்டு கேட்டார்.

மகள் கத்தியை எடுத்து முதல் தட்டின் மூலைத்துண்டை வெட்டினாள். இரண்டு பக்கமும் முறுகிய துண்டு. அதுதான் அதில் உயர்த்தியான இடம். நான் பழக்கதோஷத்தில் என் தட்டை நீட்டிவிட்டேன். அவள் கவனிக்கவில்லை. அதைத் தன் தட்டில் வைத்துக்கொண்டு அடுத்த துண்டை வெட்டினாள். நான் தட்டை மெதுவாகப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

எனக்குக் கிடைத்தது நடுத்துண்டு. நன்றாகவே இருந்தது.

"ஆறிப் போச்சாப்பா?" என்று கேட்டாள் மகள், தன் தட்டிலிருந்து நிமிர்ந்து.

"இல்லையே" என்றேன்.

உண்மையில் கொஞ்சம் ஆறித்தான் இருந்தது.