வட்டியும் அக்கறையும்

டிஸ்இன்டரஸ்டட், அன்இன்டரஸ்டட் என்ற இரண்டு ஆங்கிலப் பெயரடைகளையும் ஒன்றாகவே உபயோகிக்கிறவர்கள் ஆங்கிலேயரிடையேயும் ஏராளம். முன்னது ஆதாயம் கருதாதவரையும் பின்னது அக்கறையே இல்லாதவரையும் குறிக்கும் என்று பி.ஏ. வகுப்பில் சொல்லித் தந்தார்கள். ஆனால் 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் முதல் சொல்லுக்கு அக்கறையற்ற என்ற பொருளும், இரண்டாவதற்குப் பாரபட்சமற்ற என்ற பொருளும் இருந்திருக்கின்றன. ஆகவே பழைய வழக்கைக் காட்டி யாரையும் மிரட்டுவதற்கில்லை. வித்தியாசம் தேவைப்படுகிறவர்கள் இருக்கும்வரைதான் வித்தியாசமும் இருக்கும்.

எனக்குத் தேவைப்படுகிறது. வங்கியில் வேலை பார்க்கிறவனுக்கு இன்டரஸ்ட் என்றால் முதலில் வட்டி. அப்புறம் சட்டம். 1949ஆம் வருஷத்து வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, இயக்குநருக்கு 'இன்டரஸ்ட்' உள்ள நிறுவனத்துக்கு அவருடைய வங்கி கடன் கொடுப்பதைத் தடுக்கிறது. அந்தத் தொழிலில் அவருக்கு ஆர்வம் உண்டா என்று சட்டம் கேட்பதில்லை. அதில் அவருக்குப் பங்கு உண்டா என்றுதான் கேட்கிறது.

மாத்யூ ஆர்னால்ட் 1864இல் விமர்சனத்தின் பணி பற்றி எழுதியபோது விமர்சனத்துக்கு விதியாக வைத்தது இந்த முதல் சொல்லின் குணத்தை. ஆதாயத்திலிருந்து விலகி நிற்கச் சொன்னார். படைப்பிலிருந்து விலகி நிற்க அவர் சொல்லவில்லை.

தமிழில் இரண்டுக்கும் சேர்த்து 'நடுநிலை' என்று போட்டுவிடுகிறோம். குறளின் 12ஆம் அதிகாரமான நடுவு நிலைமையில் சான்றோருக்கு உவமையாக வருவது தராசு. தராசு நிறுக்க மறுப்பதில்லை. நம் நடுநிலையோ நிறுக்காமல் நழுவுகிறது. ஒரு தொகுதி மோசம் என்று டீக்கடையில் அடித்துப் பேசுகிற நண்பரிடம் அதை எழுதித் தரச் சொன்னேன். 'நான் நடுநிலை' என்றார். அவரே, தம் குழுவைச் சேர்ந்தவரின் புத்தகம் வந்ததும் பாதி படித்துவிட்டு நாலு பக்கம் எழுதினார். கவிதையில் அக்கறையில்லை, உறவில் ஆதாயம் இருக்கிறது. சிறுபத்திரிகை விமர்சனத்தில் பெரும்பகுதி இந்த நிலையில்தான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

ஆதாயத்தை வைராக்கியத்தால் துறக்க வேண்டியதில்லை. வரிகளில் போதுமான அக்கறை இருந்தால், எழுதியவன் நண்பனா விரோதியா என்பது படிக்கிற நேரத்தில் மறந்துபோகும். அந்த மறதி இல்லாதவர்கள் மதிப்புரை எழுதாமலிருப்பது நல்லது.