சாமத்தியவீட்டுப் படங்களும் பிரெஞ்சுச் சட்டமும்

மகள் பெரியபிள்ளையானதற்குச் செய்த சாமத்தியவீட்டின் வீடியோவை யூரியூப்பில் ஏற்றாதேங்கோ என்று ஒரு தகப்பனிடம் சொன்னதற்கு, "அண்ணை, நீங்களும் வெள்ளைக்காரன்ர ஆளாகிட்டியள்" என்று பதில் வந்தது. பிள்ளைக்கு 12 வயது. இப்போது அதில் தண்ணி வார்த்ததிலிருந்து ஆலாத்தி வரைக்கும் யாரும் பார்க்கலாம். தலைப்பில் அவளுடைய முழுப்பெயர், தகப்பனின் ஊர், பாரிஸ் மண்டபத்தின் பெயர். அவளை ஒருவரும் கேட்கவில்லை.

இந்த நாட்டின் மேல் எனக்குக் குறைகள் நிறைய உண்டு. வதிவிட அட்டைக்கு வரிசையில் நின்ற எவருக்கும் உண்டு. ஆனால் 2024 பெப்ரவரி 19ஆம் திகதிச் சட்டத்துக்காக பிரான்சைத் தலையில் வைத்துக் கொண்டாடுவேன். பிள்ளையின் படத்துக்கான உரிமையைத் தாயும் தகப்பனும் சேர்ந்தே காக்க வேண்டும், வயதுக்கும் பக்குவத்துக்கும் ஏற்பப் பிள்ளையையும் அதில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று குடியியல் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். பெற்றோருக்குள் பிணக்கு வந்தால், மற்றவரின் சம்மதமில்லாமல் படம் போடாதே என்று நீதிபதி தடுக்கலாம். பிள்ளையின் மானத்துக்குப் பெருங்கேடு நேர்ந்தால், அந்த உரிமையைப் பெற்றோரிடமிருந்து எடுத்து வேறொருவரிடம் ஒப்படைக்கவும் வழியுண்டு. அதற்கு முன்பே, தன்னைப் பற்றிய தரவை அழிக்கும்படி பெற்றோரின் சம்மதமில்லாமலே பிள்ளை கேட்கலாம் என்று 2020ஆம் ஆண்டுச் சட்டம் இடங்கொடுத்திருந்தது.

ஒப்பிட்டுப் பார்த்தால், இந்தியாவின் 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குக் குறைந்தவர்களின் தரவைக் கையாள நிறுவனங்கள் பெற்றோரின் சம்மதம் பெற வேண்டும் என்கிறது. நல்லதுதான். பெற்றோரே பிள்ளையைக் கடை விரித்தால் என்ன செய்வது? பிரெஞ்சுக்காரர் யோசித்தது அந்த இடத்தைத்தான்.

அதற்காக, சாமத்தியச் சடங்கையே காட்டுமிராண்டித்தனம் என்று சொல்லும் வெள்ளைக்காரரோடு நான் ஒத்துப்போகமாட்டேன். எங்கள் ஊரிலும் அது ஊரறியத்தான் நடந்தது. வந்தவர்கள் மாமி, மச்சாள்மார், அயலட்டை. பந்தி முடிந்தபின் அல்பம் அலுமாரிக்குள் போய்விடும். வீடு தேடி வந்தவருக்குத் தேத்தண்ணியோடு எடுத்துக் காட்டுவார்கள். பார்த்தவர் எல்லாரையும் பிள்ளைக்குத் தெரியும்; அவர்களும் அவளைத் தங்கள் வீட்டுப் பிள்ளையாகப் பார்த்தார்கள். யூரியூப்பில் பார்ப்பவன் யார், எதற்காகப் பார்க்கிறான், அவள் முகத்தை எங்கே சேமித்து வைக்கிறான் என்று யாருக்குத் தெரியும்? இங்கே வகுப்புப் படத்துக்கே பள்ளிக்கூடம் எங்களிடம் கையெழுத்து வாங்குகிறது. அதில் கையெழுத்துப் போட்ட கையால்தான் வீடியோவையும் ஏற்றுகிறோம்.

சடங்கைச் செய்யுங்கள், படமும் எடுங்கள். ஏற்ற நினைத்தால் முதலில் பிள்ளையைக் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். கேட்காமல் ஏற்றியிருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.