ராத்திரி கழட்டி வைக்கிற முடி

தலைமுடி விஷயத்துல சினிமாவைப் பார்த்துக் காப்பி அடிக்கிறது நேத்து இன்னிக்கு வந்த பழக்கம் இல்லீங்க. எங்க தாத்தா காலத்துல பாகவதர் கிராப்பு. 1944-ல 'ஹரிதாஸ்' வந்து மூணு தீபாவளி கண்ட காலத்துல, பாட வராதவங்க கூட பின்கழுத்து வரைக்கும் முடி வளர்த்து, எண்ணெய் தடவி, வழிச்சு சீவிக்கிட்டுத் திரிஞ்சாங்களாம். அடுத்த தலைமுறைக்கு சாதனா கட். 1960-ல வந்த 'லவ் இன் சிம்லா' இந்திப் படத்துக்காக, சாதனாவோட நெத்தி கொஞ்சம் அகலமா இருக்குன்னு டைரக்டர் ஆர்.கே.நய்யார், ஆட்ரி ஹெப்பர்ன் மாதிரி முன்முடியை வெட்டி நெத்தியில விழ வச்சார். அகல நெத்தியை மறைக்க வந்த ஐடியா அது. அரை இஞ்ச் நெத்தி இருந்தவங்களும் வெட்டிக்கிட்டு, கண்ணுக்கு மேல நேரா முடியோட நின்னாங்க. பழைய காலேஜ் குரூப் போட்டோ எதையாவது எடுத்துப் பாருங்க, குறைஞ்சது நாலு சாதனா இருப்பாங்க :-)

அதுல எல்லாம் ஒரு வசதி இருந்தது. கத்திரிக்கோல் சமாச்சாரம். நல்லா இல்லைன்னா சகிச்சுக்கிட்டு இருந்தா போதும். மாசத்துக்கு சுமாரா ஒரு சென்டிமீட்டர் வளர்ந்து, அடுத்த தீபாவளிக்குள்ள சரியாயிடும்.

இப்போ வந்திருக்கிறது வெட்டுற ஃபேஷன் இல்ல. ஒட்டுற ஃபேஷன். இதுல தப்பு நடந்தா வளர்றதுக்கு வேரே இல்லாமப் போகலாம். இந்தப் பதிவு அதைப் பத்தித்தான்.

எங்க சித்தி பொண்ணுக்கு 2023-ல கல்யாணம். ரிசப்ஷனுக்கு ஒரு நடிகை மாதிரி இடுப்பு வரைக்கும் அலை அலையா முடி வேணும்னு ஆசை. அவளுக்கு இருந்தது தோள் வரைக்கும். பார்லர்ல (பேர் வேணாம்) 28,000 ரூபாய் வாங்கிக்கிட்டு, கெராட்டின் பசையால ஒத்தை ஒத்தை கொத்தா தலை முழுக்க ஒட்டி விட்டாங்க. நாலு மாசம் கவலையே இல்ல மேடம்னு வேற சொல்லி அனுப்பினாங்க.

"அக்கா, இது ரெமி ஹேர்க்கா. ஒரிஜினல்" அப்படின்னா.

"ஒட்டினதுல என்னடி ஒரிஜினல்?" அப்படின்னு எங்க சித்தி.

ரிசப்ஷன் போட்டோ அமர்க்களமா வந்தது, அதைச் சொல்லணும். ஆனா ரெண்டாவது மாசமே தலை வலிக்குது, ஒருக்களிச்சுப் படுக்க முடியலைன்னு ஆரம்பிச்சா. காதுக்கு மேல நெத்தி ஓரத்துல சின்னச் சின்னதா பொரிப் பொரியா கொப்புளம். பார்லருக்குப் போன் பண்ணினா "செட்டாகறதுக்கு டைம் எடுக்கும் மேடம்"னு பதில். நாலாவது மாசம் கழட்டினப்போ ரெண்டு பக்கப் பொட்டுலயும் விரலால வழிச்ச மாதிரி முடி போயிருந்தது. அதுக்கு பார்லர்ல சொன்ன விளக்கம்: "உங்க முடி ரொம்ப வீக் மேடம்."

மூணு மாசம் அந்தப் பொண்ணு முன்முடியை ஒதுக்கவே இல்ல. வெயில் காலத்துலயும் துப்பட்டாவைத் தலையில போட்டுக்கிட்டு ஆபீஸ் போனா. புதுசா கல்யாணம் ஆன பொண்ணு, புகுந்த வீட்டுல யாராவது கவனிச்சிடுவாங்களோன்னு எல்லாருக்கும் முன்னாடி எழுந்து தலை சீவிக்கிட்டு இருந்தா. சித்தி போன்ல இதைச் சொல்லும்போது அழுதுட்டாங்க. முடிதானேன்னு சொல்றவங்க சொல்லிட்டுப் போகலாம். கண்ணாடி முன்னாடி நிக்கிறவங்களுக்குத்தான் தெரியும்.

சரி, அந்த "வீக் மேடம்" கதைக்கு வருவோம். தோல் டாக்டர் பார்த்த உடனே சொன்ன பேரு டிராக்‌ஷன் அலோப்பீசியா. தமிழ்ல சொன்னா, இழுத்து இழுத்தே விழுற வழுக்கை. இது வந்து நூறு வருஷத்துக்கும் மேல ஆன பழைய நோய். 1907-லயே ட்ரெபிட்ச்னு ஒருத்தர் கிரீன்லாந்துல பெண்களுக்கு இப்படி நெத்தி ஓரம் வழுக்கை விழுறதைப் பார்த்து எழுதி வச்சிருக்கார். அந்தப் பெண்கள் முடியை எல்லாம் இறுக்கமா மேல தூக்கிக் கட்டுவாங்க. அங்க பார்லர் கிடையாது, பசை கிடையாது, நடிகை கிடையாது. இழுப்பு மட்டும் இருந்தது. அது போதுமா இருந்தது.

நடக்கிறது இதுதான். முழுத் தலைக்கு ஒட்டுற முடி 100-லிருந்து 200 கிராம் வரைக்கும் இருக்கும். கையில எடுத்தா லேசுதான். ஆனா ஒவ்வொரு கொத்தும் நம்மளோட கொஞ்சமே கொஞ்சம் முடியைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்குது. குளிச்சா தண்ணி குடிச்சு இன்னும் கனம். தூங்கினா தலையணையில மாட்டி ஒரு இழுப்பு. இருபத்து நாலு மணி நேரமும், மாசக்கணக்கா. முதல்ல வேர்க்கால் வீங்கும், வலிக்கும், கொப்புளம் வரும். அந்த நேரத்துல இழுப்பை நிறுத்திட்டா பெரும்பாலும் முடி திரும்ப வந்துடும். நிறுத்தாமப் போனா வேர்க்கால் தழும்பாகி மூடிக்கும். அப்புறம் எந்த எண்ணெய்க்கும் அது திறக்காது. நெத்தி ஓரத்துலயும் காதுக்கு மேலயும் முடி மெலிசு, அதனால முதல் அடி அங்கதான்.

பணமும் நல்ல ஆளும் இருந்தா இது நடக்காதுன்னு நினைக்கிறவங்களுக்கு: நவோமி கேம்ப்பெல். உலகத்துலயே பெரிய மாடல்கள்ல ஒருத்தர். அவரோட நெத்தி ஓரம் வழுக்கையான படங்கள் பத்திரிகையில எல்லாம் வந்தது. பின்னாடி ஒரு பேட்டியில, முடி நீட்டிப்புகளாலதான் முடி போச்சுன்னு அவரே சொன்னார். அவருக்குக் கிடைக்காத சிகையலங்காரக்காரரா நம்ம தெருமுனை பார்லர்ல கிடைக்கப் போறார்?

இன்னொரு விஷயம். கழட்டும்போது கொத்துக் கொத்தா முடி வந்தா அது எல்லாமே வழுக்கை இல்ல. எல்லாருக்கும் தினமும் 50-லிருந்து 100 முடி உதிரும். ஒட்டினவங்களுக்கு அது கீழே விழ வழியில்லாம பசைக்குள்ளயே மாட்டிக்கும். ரெண்டு மாசக் கணக்கு போட்டா 3000-லிருந்து 6000 முடி. ஒரே நாள்ல கையில வந்தா யாருக்கும் பகீர்னுதான் இருக்கும். அதுக்குப் பயப்பட வேணாம். தோல் பளபளன்னு தெரியுதா, ஓரம் பின்னாடி போயிருக்கான்னு பாருங்க, பயப்பட வேண்டியது அதுக்குத்தான். அப்புறம், பசையை வீட்டுல நாமளே பிச்சு எடுக்கிற வேலை வேணவே வேணாம். அதைக் கரைக்கத் தனியா திரவம் இருக்கு. பிச்சா அதோட நம்ம முடியும் வரும்.

இந்த "ரெமி" சமாச்சாரத்தையும் சொல்லிடறேன், ஏன்னா இந்த வியாபாரத்தோட ஒரு முனை நம்ம பக்கத்துலதான் இருக்கு. திருமலை கல்யாணகட்டாவுல காணிக்கையா இறக்குற முடியை நீளவாரியாப் பிரிச்சு தேவஸ்தானம் ஏலம் விடுது. ஒரே தலையிலிருந்து ஒரே திசையில இறக்கின முடிங்கிறதால அதுக்கு மவுசு. முடியோட மேல்தோல் மீன் செதில் மாதிரி, வேர்லிருந்து நுனி பார்த்து அடுக்கியிருக்கும். எல்லாம் ஒரே பக்கம் பார்த்து இருந்தா சிக்கு விழாது. அதுதான் ரெமி.

இன்னொரு வகை, தெருவுல "சிக்கு முடிக்கு ஸ்டீல் பாத்திரம்"னு கூவிக்கிட்டு வர்றவங்ககிட்ட நாம போடுற சீப்பு முடி. அதுல வேர் எது நுனி எதுன்னு கலந்து கிடக்கும். செதில்கள் ஒண்ணோடொண்ணு உரசிச் சிக்கு விழும்னு, ஆசிட்ல முக்கி செதிலையே எடுத்துட்டு சிலிக்கான் பூசி பளபளப்பாக்கி விப்பாங்க. பத்துத் தடவை அலசினா பூச்சு போயிடும். எங்க வீட்டு "ஒரிஜினல் ரெமி" ரெண்டே மாசத்துல தேங்காய் நார் ஆனதைப் பார்த்தா அது எந்த வகைன்னு உங்களுக்கே புரிஞ்சிருக்கும்.

ஒரு அம்மா மலை ஏறிப் போய், இது எனக்கு வேணாம்னு பெருமாளுக்குக் குடுத்துட்டு மொட்டைத் தலையோட சந்தோஷமா இறங்கி வர்றாங்க. அதே முடி இன்னொரு பொண்ணு தலையில ஏறி அவ முடியையும் சேர்த்துப் பிடுங்குது. அங்க காணிக்கை, இங்க இ.எம்.ஐ.

சரி, அந்த நடிகை மாதிரி முடி வேணும்னா என்னதான் பண்றது? முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கணும். அந்த நடிகைக்கே அப்படி முடி கிடையாது. 'ஃப்ரெண்ட்ஸ்' சீரியல்ல 1995-ல ஜெனிஃபர் அனிஸ்டனுக்கு வந்த "ரேச்சல்" கட் உலகம் பூரா பார்லர் பார்லரா பரவிச்சு. வெட்டினவர் கிறிஸ் மெக்மில்லன். அனிஸ்டன் பின்னாடி பேட்டிகள்ல என்ன சொன்னாங்க தெரியுமா? அந்த ஸ்டைல் எனக்குப் பிடிக்கவே இல்ல, கிறிஸ் பக்கத்துல இல்லாம என்னால அதை வீட்டுல பண்ணிக்கவும் முடியலைன்னு. தலைக்குச் சொந்தக்காரிக்கே வீட்டுல வரலை. திரையில நாம பார்க்கிறது ஒரு ஷாட்டுக்கும் அடுத்த ஷாட்டுக்கும் நடுவுல சீப்போட ஒருத்தர் ஓடி வந்து சரி பண்ற முடி. பேக்கப் சொன்னதும் பாதி பெட்டிக்குள்ள போயிடும்.

இப்போ வீட்டுல பண்ற வழி. எங்க வீட்டுல மூணு கல்யாணத்துக்கு நான் பண்ணி விட்டது.

அலை வேணுமா? தலைக்குக் குளிச்சு, முக்கால்வாசி காஞ்சதும் நாலஞ்சு தளர்வான பின்னலாப் போட்டுட்டுத் தூங்குங்க. முடி ஈரத்துல இருக்கும்போது அதோட உள் பிணைப்புகள்ல ஒரு பகுதி விட்டுப்போகும், காயும்போது எந்த வடிவத்துல இருக்கோ அப்படியே மறுபடி பிடிச்சுக்கும். அதனால முழுசா காய்ற வரைக்கும் பிரிக்காதீங்க. பிரிச்சதும் சீப்பு போடாம விரலாலக் கோதி விடுங்க. சென்னைப் புழுக்கத்துல ரெண்டு மணி நேரத்துல படுத்துடும்தான், காத்துல இருக்கிற ஈரமே அந்தப் பிணைப்பை விட வச்சிடும். மண்டபத்துக்குப் போய்ப் பிரிங்க. ஈர முடியில சுருட்டுற கம்பி மட்டும் வேணாம். உள்ள இருக்கிற தண்ணி கொதிச்சு ஆவியாகி முடிக்குள்ள குமிழ் விடும், அந்த இடத்துல முடி உடையும்.

அடர்த்தி வேணுமா? உச்சியில உள்பக்க முடியை மட்டும் நுனியிலிருந்து வேருக்குத் தள்ளிச் சீவி மெத்தை மாதிரி பண்ணிட்டு, மேல் அடுக்கை அதுமேல வழிச்சு விடுங்க. அன்னிக்கு எண்ணெய் கூடாது. முடிஞ்சு வந்ததும் நுனியிலிருந்து பொறுமையா சிக்கெடுக்கணும்.

நீளம் வேணுமா? அதுக்குத்தான் நம்ம பாட்டி பெட்டியில சவுரின்னு ஒண்ணு இருக்கு. பின்னல் தளர்வா பாதி வந்ததும் சேர்த்துப் பின்னினா கனம் மொத்தப் பின்னலுக்கும் பரவும், ஒரு கொத்து மேல விழாது. கொண்டை பெருசா வேணும்னா அதையே வட்டமாச் சுருட்டி உள்ள வச்சு, மேல நம்ம முடியைச் சுத்தி மல்லிகை வச்சுட்டா எந்த நடிகையும் கிட்ட நிக்க முடியாது. விரிச்ச முடியாத்தான் வேணும்னா கிளிப் போட்டு மாட்டுறது வாங்குங்க. நெத்தி ஓரத்துலயும் காதுக்கு மேலயும் மாட்டாம ரெண்டு விரற்கடை உள்ள தள்ளி மாட்டுங்க. வலிச்சா இடம் தப்பு.

சவுரிக்கு மட்டும் கொம்பு முளைச்சிருக்குன்னு சொல்ல வரலை. தினமும் இழுத்துக் கட்டி, கனமான குஞ்சலத்தைத் தொங்க விட்டா அதுவும் நெத்தியைக் காலி பண்ணும். வித்தியாசம் ஒண்ணே ஒண்ணுதான். சவுரியை ராத்திரி கழட்டி ஆணியில மாட்டிடுவோம். தலை தூங்கும். ஒட்டின முடி ராத்திரியும் தூங்க விடாது.

தங்கச்சிக்கு டாக்டர் மருந்து குடுத்தார், ஆறு மாசம் எதையும் இழுத்துக் கட்டக் கூடாதுன்னார். ஏழாவது மாசம் பொட்டு ஓரத்துல பூனை முடி மாதிரி வந்தது. இடது பக்கம் நல்லா மூடிடுச்சு. வலது பக்கம் இன்னும் மெலிசுதான். சின்ன வயசு, சீக்கிரம் வந்தீங்க, அதனால தப்பிச்சீங்கன்னு டாக்டர் சொன்னாராம். எல்லாரும் சீக்கிரம் போறதில்லையே, அதான் எழுதறேன். வலிக்குது, கொப்புளம் வருதுன்னா "செட்டாகும்"னு யார் சொன்னாலும் கேக்காதீங்க. அன்னிக்கே கழட்டச் சொல்லுங்க, குடுத்த காசு போனாலும் பரவாயில்ல.

நடிகையைக் காப்பி அடிக்க வேணாம்னு சொல்ற ஆள் நான் இல்லீங்க. அடிக்கிறதா இருந்தா முழுசா அடிங்க. பேக்கப் சொன்னதும் கழட்டி வைக்கிறதையும் சேர்த்து.

டிஸ்கி: நான் டாக்டரும் இல்ல, பியூட்டிஷியனும் இல்ல. வீட்டுல சவுரி மூணு இருக்கு, கல்யாண சீசன்ல கடன் கேட்டு மட்டும் வந்துடாதீங்க :-)