பெட்டிக்குள் போன கொசு மருந்து

என் பெண்ணுக்குச் சிங்கப்பூரில் பிரசவம். பாஸ்போர்ட் கைக்கு வரத் தாமதமாகி, பேரன் பிறந்து பதினைந்து நாள் கழித்துத்தான் நான் கிளம்ப முடிந்தது.

அம்பத்தூர் ஏரிப் பக்கம் குடியிருப்பவர்களுக்குக் கொசுவைப் பற்றி யாரும் சொல்லித் தர வேண்டாம். சாயங்காலம் ஜன்னலைச் சாத்த மறந்தால் அன்றைக்குத் தூக்கம் போச்சு! எதிர்வீட்டுப் பையன் டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்ததைப் பார்த்த பயம் வேறு. ஆகவே பருப்புப் பொடி, பிரசவ லேகியத்தோடு, பூச்சி கொல்லும் ஸ்ப்ரே டப்பா இரண்டையும் புடவைகளுக்கு நடுவே சுருட்டி வைத்தேன். "சிங்கப்பூர்ல ஏது கொசு?" என்று இவர் சிரித்தார். (உண்டு. 2020ஆம் ஆண்டில் மட்டும் அங்கே 35,000 பேருக்கு மேல் டெங்கு கண்டது.)

விமான நிலையத்தில் பெட்டியை எடை போட்டு அனுப்பிவிட்டு, அப்பாடா என்று உட்கார்ந்தேன். சற்று நேரத்தில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். பெட்டியைத் திறந்து, நாலு பேர் பார்க்க உள்பாவாடை முதற்கொண்டு வெளியே எடுத்து வைத்தேன். டப்பாக்களை வாங்கி வைத்துக்கொண்ட பெண் அதிகாரி கடிந்து பேசவில்லை. "இதை எரியற அடுப்புகிட்ட அடிப்பீங்களாம்மா?" என்றாள். "ஐயோ, பத்திக்குமே!" என்றேன். "அதான்மா" என்றாள்.

பிறகுதான் விஷயம் புரிந்தது. மருந்தைப் பீய்ச்சித் தள்ளுவதற்கென்று அந்த டப்பாவில் பெரும்பாலும் அடைத்திருப்பது பியூட்டேன், புரொப்பேன் வாயுக்கள். நம் சமையல் காஸ் சிலிண்டரில் இருப்பதும் அவையேதான்! இப்படித் தீப்பற்றும் பூச்சி மருந்தைக் கைப்பையிலும் கொண்டு போகக் கூடாது, பெட்டியிலும் போடக் கூடாது.

உடம்பில் பூசிக்கொள்ளும் கொசு விரட்டிக்கு விதி வேறு. கைப்பையில் என்றால் 100 மில்லிக்கு மேற்படாத டப்பாவாக இருக்க வேண்டும். 2006 ஆகஸ்டில் லண்டனில் திரவ வெடிமருந்துச் சதி ஒன்று பிடிபட்ட பிறகு வந்த கட்டுப்பாடு இது. பெட்டியில் போடுவதானால் ஒரு டப்பா அரை லிட்டருக்குள் இருக்கலாம். ஸ்ப்ரே ஆனால் மூடி இறுக்கமாக இருக்கட்டும். கிளம்புமுன் விமானக் கம்பெனியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. நான் ஊறுகாய்க்குக் கேட்டேன், இதற்குக் கேட்கவில்லை.

போய்ச் சேர்ந்து நடந்ததைச் சொன்னபோது மாப்பிள்ளை சிரித்தார். என் பெண் சிரிக்கவில்லை. "ஏம்மா, அதைத் தொட்டில் பக்கம் அடிச்சிருப்பியா?" என்றாள். எனக்கு வாய் அடைத்துப் போயிற்று. அடிக்கத்தானே கொண்டு வந்தேன்! அம்பத்தூரில் இவளுக்கும் இவள் தம்பிக்கும் கதவைச் சாத்தி அடித்து, வாசனை போனதும் படுக்க வைத்தவள்தானே நான்?

இரண்டு மாதம் ஆகாத சிசுவுக்குப் பூசும் விரட்டியும் ஆகாதாம், தொட்டிலுக்கு வலைதான் என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். டெங்குக் கொசு பகலில் கடிப்பது. எனவே பகல் தூக்கத்துக்கும் வலை போட வேண்டும். நம் வீடுகளில் ராத்திரி மட்டும்தானே கட்டுகிறோம்?

அங்கே வீட்டுக்குள் வந்துகூட அதிகாரிகள் பூ ஜாடித் தண்ணீரைப் பார்க்கிறார்கள். புழு இருந்தால் அபராதம். போன வாரத்திலேயே நான் ஆசையாக ஒரு பாட்டிலில் மணி பிளான்ட் வைத்திருந்தேன். ஒன்பதாம் நாள் காலை மாப்பிள்ளை அதைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"அத்தை, இங்க வந்து பாருங்க" என்றார். அடியில் நாலைந்து புழு நெளிந்துகொண்டிருந்தது.