கொடுக்க மறுத்த புத்தகம்



ஒரு புத்தகத்தைப் பற்றியும், அதைக் கேட்டு வந்த மாணவி ஒருத்தியிடம் நான் சொன்ன 'வேண்டாம்' என்ற ஒரு சொல்லைப் பற்றியும் எழுத வேண்டுமென்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். புத்தகம் ஜான் ஸ்டைன்பெக் எழுதி 1939-ஆம் ஆண்டு வெளிவந்த 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்'. 'சினத்தின் திராட்சைகள்' என்று தமிழில் சொல்லிப் பார்க்கலாம்.

கதையை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1930-களில் அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில் மழை பொய்த்தது, பயிர் கருகியது, கடன் மிகுந்தது. குத்தகை விவசாயிகளை நில உரிமையாளர்களும் வங்கிகளும் வெளியேற்றினர். பல குடும்பங்களின் வேலையை ஒரே டிராக்டர் செய்தது. அப்படி வெளியேற்றப்பட்ட ஜோட் குடும்பம், பழைய காரொன்றை லாரியாக மாற்றிக்கொண்டு, 66-ஆம் எண் நெடுஞ்சாலை வழியே கலிபோர்னியாவுக்குப் புறப்படுகிறது. அங்கே பழம் பறிக்க ஆள் தேவை என்ற துண்டு விளம்பரத்தை நம்பித்தான் அந்தப் பயணம். தாத்தா வழியிலேயே இறக்கிறார். பாலைவனத்தைக் கடக்கும் இரவில் பாட்டியும் இறந்துபோகிறாள். சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்திவிடுவார்களோ என்றஞ்சிய தாய், எவரிடமும் சொல்லாமல் விடியும்வரை அந்தச் சடலத்தின் பக்கத்தில் படுத்தே வருகிறாள். கலிபோர்னியாவில் அவர்களைப் போன்றே இலட்சக்கணக்கானோர் வந்து குவிந்திருக்கின்றனர். ஆள் மிகுந்தால் கூலி குறையும் அல்லவா? ஒரு பெட்டி பீச் பழத்துக்கு ஐந்து காசு என்றிருந்த கூலி, வேலைநிறுத்தம் முறிந்ததும் இரண்டரைக் காசாகிறது.

நாவலின் கடைசிக் காட்சிதான் என்னைத் தடுத்தது. வெள்ளத்தில் எல்லாவற்றையும் இழந்த குடும்பம் ஒரு கொட்டகையில் ஒதுங்குகிறது. அந்த வீட்டு மகளுக்குக் குழந்தை இறந்தே பிறந்திருக்கிறது. கொட்டகையிலோ முன்பின் அறியாத ஒரு மனிதர் பட்டினியால் செத்துக்கொண்டிருக்கிறார். அவள் தன் தாய்ப்பாலை அவருக்குக் கொடுக்கிறாள். அத்துடன் நாவல் முடிந்துவிடுகிறது.

2006-ஆம் ஆண்டு என்று நினைவு. எங்கள் பள்ளியில் ஆறாம் ஆண்டுவரை படித்து, இடைநிலைப்பள்ளியில் நான்காம் படிவத்துக்குச் சென்றிருந்த மாணவி ஒருத்தி, மாதம் ஒருமுறை வந்து என் அலமாரியிலிருந்து நூல்களை இரவல் பெற்றுச் செல்வாள். அவள் குடும்பம் இருந்த தோட்டம் வீடமைப்புத் திட்டத்துக்கு விற்கப்பட்டு, லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டுப் பட்டணத்து அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்திருந்தது. ஒருநாள் இந்த நாவலைக் கையில் எடுத்து, "ஐயா, இதைக் கொண்டு போகட்டுமா?" என்று கேட்டாள். கொச்சை வசவுகளும் அந்தக் கடைசிக் காட்சியும் என் கண்முன் வந்தன. அவளுடைய தாயார் புரட்டிப் பார்த்தால் என்ன நினைப்பார் என்ற அச்சமும் வந்தது. "இது உனக்கு இப்போது வேண்டாம் அம்மா" என்று சொல்லி வேறொரு நூலைக் கொடுத்தனுப்பினேன். அவள் மறுபேச்சுப் பேசவில்லை. நான் ஒரு பொறுப்பான ஆசிரியனின் கடமையைச் செய்ததாகவே எண்ணிக்கொண்டேன்.

சில ஆண்டுகள் கழித்து இந்நாவலின் வரலாற்றைப் படிக்கலானேன். அப்போதுதான் எனக்கு உறுத்தத் தொடங்கியது.

1939-இல் அமெரிக்காவில் மிக அதிகமாக விற்பனையான நாவல் இதுதான். 1940-இல் புலிட்சர் பரிசும் பெற்றது. ஆனால், ஜோட் குடும்பம் சென்றடைந்த கலிபோர்னியாவின் கெர்ன் மாவட்டத்தில், 1939 ஆகஸ்டு மாதம் மாவட்ட நிர்வாகக் குழு நான்குக்கு ஒன்று என்ற வாக்கில் இந்நூலைப் பள்ளிகளிலிருந்தும் நூலகங்களிலிருந்தும் விலக்கியது. கொச்சையானது, பொய்யானது, மாவட்டத்தை இழிவுபடுத்துவது என்பன அவர்கள் சொன்ன காரணங்கள். பெருநில உரிமையாளர்கள் சிலர் ஒரு பண்ணைத் தொழிலாளியைக் கொண்டே நூலை எரிக்கச் செய்து படமெடுத்துக்கொண்டனர். யாருடைய துயரத்தை அந்நூல் பேசியதோ, அவரைப் போன்ற ஒருவரின் கையாலேயே அதற்குத் தீ வைத்தார்கள். அம்மாவட்ட நூலகர் கிரெட்சன் நீஃப் என்னும் பெண்மணி, குழுவின் ஆணைக்கு உட்பட்ட அரசு ஊழியராக இருந்தும், தடையை நீக்கும்படி அவர்களுக்கே கடிதம் எழுதினார். தடை 1941-இல்தான் நீங்கியது.

எதிர்த்தவர்கள் நில உரிமையாளர்கள் மட்டுமல்லர். ஒக்லஹோமாவைச் சேர்ந்த நாடாளுமன்ற உறுப்பினர் லைல் போரன், தம் மக்களை இந்நாவல் கேவலப்படுத்துகிறது என்று 1940-இல் அவையிலேயே சாடினார். ஏழ்மையைக் காட்டப் போய் எங்களைப் படிப்பறிவற்ற முரடர்களாக அல்லவா காட்டிவிட்டார் என்ற மனவருத்தம் சாதாரண ஒக்லஹோமா மக்களுக்கும் இருந்தது. மறுபுறம், அதே ஆண்டு முகாம்களை நேரில் கண்டு வந்த அதிபரின் துணைவியார் எலினோர் ரூசவெல்ட், நூலில் மிகையில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார்.

காலம் மாற, குறைகளும் மாறின. 1962-இல் ஸ்டைன்பெக்குக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது, அவர் உணர்ச்சியை மிகையாகப் பிழிகிறவர், பாத்திரங்களைக் கருத்துகளுக்குப் பொம்மைகளாக்குகிறவர் என்று திறனாய்வாளர்கள் எழுதினர். குடும்பக் கதைக்கு இடையிடையே வரும் பொது அத்தியாயங்கள் பிரசங்கமாகிவிட்டன என்பார் பலர்; அவையே நூலின் முதுகெலும்பு என்பாரும் உளர். இன்னும் பின்னால் வந்தவர்கள் வேறொன்றைக் கேட்டனர். கலிபோர்னியப் பண்ணைகளில் அதற்கு முன்பே முதுகொடிய உழைத்த மெக்சிகோ, பிலிப்பைன்ஸ் தொழிலாளர்கள் இந்நூலில் ஏன் அவ்வளவு குறைவாகத் தென்படுகின்றனர்? சனோரா பாப் என்ற பெண்மணி அந்த முகாம்களிலேயே பணியாற்றி, அதே மக்களைப் பற்றி ஒரு நாவல் எழுதினார். ஸ்டைன்பெக்கின் நூல் முந்திக்கொண்டதால், சந்தை இன்னொன்றைத் தாங்காது என்று பதிப்பகம் அதைக் கைவிட்டது. அது 2004-இல்தான் அச்சேறியது. ஒரே துயரத்தைச் சொல்ல இருவர் இருந்தும் ஒருவர் குரலே அறுபத்தைந்து ஆண்டுகள் கேட்டது என்பதை எண்ணும்போது, ஸ்டைன்பெக்கின் அன்பனான எனக்கும் மனம் கனக்கிறது.

கெர்ன் மாவட்டக் குழுவினரைப் படித்துப் பரிகசிக்கத் தொடங்கிய நான், பாதியிலேயே நிறுத்திவிட்டேன். அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று நான் சொன்ன காரணம்தானே! அவர்கள் வாக்கெடுத்தார்கள், நான் அதுகூடச் செய்யாமல் ஒரே சொல்லில் முடித்துவிட்டேன்.

2014-ஆம் ஆண்டு ஆசிரியர் தினத்தையொட்டி அந்த மாணவி என்னைக் காண வந்தாள். பல்கலைக்கழகப் படிப்பை முடித்து வேலையில் இருந்தாள். பேச்சோடு பேச்சாக, "ஐயா, நீங்கள் வேண்டாமென்ற புத்தகத்தைப் படித்துவிட்டேன்" என்றாள். எனக்கு முகம் சிவந்தது. பிடித்ததா என்று கேட்டேன்.

"பாதி பிடித்தது, பாதி பிடிக்கவில்லை" என்றாள்.

பிடிக்காதது எது தெரியுமா? நான் முப்பது ஆண்டுகளாகப் போற்றி வரும் அந்தத் தாய்ப் பாத்திரம்! "அந்த அம்மா எப்போதும் தாங்கிக்கொண்டே இருக்கிறார் ஐயா. அப்படி யாராலும் முடியாது. தோட்டத்தை விட்டு வந்த ஆண்டில் எங்கள் அம்மா தாங்கவில்லை. அப்பாவைத் திட்டினார், எங்களை அடித்தார், சில நாள் அடுப்பே மூட்டாமல் படுத்துக் கிடந்தார். அதனால் அவர் கெட்ட அம்மா ஆகிவிடுவாரா? இந்தப் புத்தகத்தைப் படித்தால், கஷ்டத்தில் நிமிர்ந்து நிற்காதவர்களுக்கு அதில் இடமில்லையோ என்று தோன்றியது."

நான் பேசவில்லை. பிறகு அவளே தொடர்ந்தாள்: "ஆனால் அந்தக் கடைசிக் காட்சியில் அழுதுவிட்டேன். எல்லாம் போன பிறகும் கொடுப்பதற்கு ஒன்று இருக்கிறதே!"

எந்தப் பக்கத்திலிருந்து அவளைக் காக்க எண்ணினேனோ, அந்தப் பக்கமே அவளுக்கு வேண்டியிருந்திருக்கிறது. எந்தப் பாத்திரத்தை முன்மாதிரியாக எடுத்துக்காட்டியிருப்பேனோ, அதுவே அவளைச் சுட்டிருக்கிறது. அவள் சொன்னதை நான் முழுதாக ஏற்கவில்லை. அந்தத் தாய் கணவனையே எதிர்த்து இரும்புக் கம்பியை ஓங்கும் இடம் உண்டு. அச்சத்தை மறைத்துக்கொண்டு நிற்கும் இடங்களும் உண்டு. அன்று இதை அவளிடம் சொன்னேன். "நீங்கள் லயத்து வீட்டைக் காலி செய்ததில்லையே ஐயா" என்று சிரித்தாள். உண்மைதான். என் தந்தையார் அரசு குமாஸ்தா.

இந்நாவலைப் பற்றி வாசகர்கள் ஏன் இத்தனை பிரிவாக நிற்கின்றனர் என்பது அன்று எனக்கு ஓரளவு விளங்கியது. துன்பத்தைப் பற்றிய நூலை ஒவ்வொருவரும் தாம் கண்ட துன்பத்தோடு ஒப்பிட்டே படிக்கின்றனர். நில உரிமையாளர் அதில் தம்மீதான குற்றச்சாட்டைப் படித்தார். ஒக்லஹோமாக்காரர் தம் மானத்தைத் தேடினார். நான் ஓர் இலட்சியத் தாயைக் கண்டேன். என் மாணவி தன் தாய்க்கு ஓர் இடம் தேடினாள். அந்த நால்வரும் ஒருமித்த கருத்துக்கு வரவேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பது நியாயமா?

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. எல்லா நூலையும் எல்லா வயதிலும் கொடுத்துவிடலாம் என்று நான் சொல்ல வரவில்லை. பத்து வயதுப் பிள்ளைக்கு இந்நாவலை இன்றும் கொடுக்க மாட்டேன். ஆனால், பதினாறு வயதுப் பெண் கேட்டபோது, "இதில் இப்படிப்பட்ட காட்சிகள் உண்டு, படித்துவிட்டு வா, பேசுவோம்" என்று சொல்லியிருக்கலாம். அந்த உரையாடல் எட்டு ஆண்டுகள் முன்னதாகவே நிகழ்ந்திருக்கும். அடுப்பு மூட்டாமல் படுத்துக் கிடந்த தாயைப் பற்றி, அவள் மிகவும் துன்பப்பட்ட காலத்திலேயே எவரிடமாவது சொல்லியிருப்பாள்.

அந்தப் பழைய பிரதி இப்போது என் அலமாரியின் முன்வரிசையில் இருக்கிறது. உங்கள் வீட்டிலோ வகுப்பிலோ பின்வரிசைக்குத் தள்ளப்பட்ட நூல் ஏதேனும் இருக்குமானால், முதலில் நீங்கள் ஒருமுறை படித்துப் பாருங்கள். பிறகு, அதைக் கேட்ட பிள்ளை யார் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.